வி.ஆர். கண்ணாடி மாட்டிக்கொண்டு நடந்து பார்த்தால் விண்வெளி வீடு சரியா என்று தெரிந்துவிடுமா?

9 பிப்ரவரி 2025, கேள்வி

மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அமெரிக்காவின் நேஷனல் ஸ்பேஸ் சொசைட்டி நடத்தும் மாணவர் போட்டிக்காக, மூவாயிரம் பேர் வாழக்கூடிய சுழலும் விண்வெளிக் குடியிருப்பு ஒன்றை வடிவமைக்கிறாள். அறிக்கையும் படங்களும் அனுப்பினால் போதும் என்கிறார்கள். இவளோ யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் ஊரையே கட்டி, மெய்நிகர் (வி.ஆர்.) ஹெட்செட் மாட்டி உள்ளே நடந்து பார்த்தால்தான் தப்பு எங்கே என்று தெரியும் என்று ஒரே பிடிவாதம். இதனால் நிஜமாகவே பயன் உண்டா, இல்லை விளையாட்டோடு சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 பிப்ரவரி 2025, இரவு

பயன் உண்டு. உங்கள் மகள் சொல்வதுதான் சரி. ஆனால் "நடந்து பார்த்தால்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்கிறேன்.

1975 கோடையில் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் விஞ்ஞானிகள், பொறியாளர்கள், கட்டடக்கலைஞர்கள் எல்லாம் கூடி பத்து வாரம் உட்கார்ந்து ஒரு குடியிருப்பை வரைந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் டோரஸ் என்று பெயர். சுமார் 1.8 கி.மீ. விட்டமுள்ள வளையம். உள்ளே எடை வருவதற்காக நிமிடத்துக்கு ஒரு சுற்று, பத்தாயிரம் பேர். அதற்கு முந்தைய வருடம்தான் பிரின்ஸ்டன் பேராசிரியர் ஜெரார்ட் ஓ'நீல் இந்த யோசனையைக் கட்டுரையாக எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் டான் டேவிஸும் ரிக் கைடிஸும் தீட்டிய ஓவியங்களை எல்லாரும் பார்த்திருப்போம். வளைந்து மேலே ஏறும் தரை, மரங்கள், ஆறு. நான் பத்தாவது படிக்கும்போது நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த வாய்க்காலில் தண்ணீர் எப்படி நிற்கும் என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கேள்வி.

ஓவியத்தைப் பார்க்கத்தான் முடியும், உள்ளே போக முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நம்பித்தான் 2009-இல் செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் நுழைந்தேன். அப்போது அங்கே நாசாவுக்கே கோலாப் என்று ஒரு தீவு இருந்தது. பக்கத்திலேயே ஒரு விண்வெளி அருங்காட்சியகம், நிஜ அளவில் ராக்கெட்டுகள் வரிசையாக நிற்கும். நண்பர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த இடத்தில் நான் ஒரு வளையம் கட்டினேன். அன்றைக்கு ஒரு கட்டைக்கு அதிகபட்சம் பத்து மீட்டர்தான். முப்பத்திரண்டு பலகைகளை வட்டமாகச் சேர்த்தால் சுமார் நூறு மீட்டர் விட்டம் வரும். இரண்டு ராத்திரி வேலை. முடித்துவிட்டு என் உருவத்தை அடிப்பலகையில் நிறுத்தி நடக்க விட்டேன். முதல் பலகை சரி. இரண்டாவது, சரிவு. ஐந்தாவது பலகையில் நாற்பத்தைந்து டிகிரி, அதற்கு மேல் ஏறமுடியாமல் அப்படியே வழுக்கிக் கீழே வந்தான்.

ஏனென்றால் அந்த உலகத்தில் "கீழே" என்பது ஒரே திசைதான், நேர் கீழே. சுழலும் குடியிருப்பில் "கீழே" என்பது நிற்கும் இடத்துக்கு இடம் மாறும், அச்சிலிருந்து வெளிப்பக்கமாக. யூனிட்டியிலும் தொடக்க நிலையில் இதே கதைதான்: ஈர்ப்பு 9.81, செங்குத்தாகக் கீழே, எல்லாருக்கும் ஒன்று. அதை அணைத்துவிட்டு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விசை கொடுக்க வேண்டும். உங்கள் மகள் இதைச் செய்திருக்கிறாளா என்று முதலில் கேளுங்கள்.

10 பிப்ரவரி 2025

நேற்று ஒன்று விட்டுப்போச்சு. வெளிப்பக்கமாகத் தள்ளும் விசையை மட்டும் போட்டால் போதாது. பலபேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள், பார்க்கவும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் சுழலும் இடத்தில் நகரும் பொருளைப் பக்கவாட்டில் ஒதுக்கும் கொரியாலிஸ் விசையைச் சேர்க்காவிட்டால், கையை விட்ட பந்து நேராகக் காலடியில் விழும். சுழலும் வீட்டில் அது அப்படி விழாது. அது இல்லாமல் செய்யும் பரிசோதனை பொய்ப் பரிசோதனை.

10 பிப்ரவரி 2025, மாலை

எவ்வளவு தள்ளி விழும் என்று கேட்டிருக்கிறீர்கள். மூவாயிரம் பேர் என்றதுமே எனக்கு கல்பனா ஒன் ஞாபகம் வந்தது. அல் குளோபஸும் அவருடைய கூட்டாளிகளும் வடிவமைத்தது. கல்பனா சாவ்லாவின் பெயர்தான். தமிழ்நாடு அரசு சுதந்திர தினத்தன்று வீரப்பெண்களுக்கு விருது கொடுப்பதும் அதே பெயரில்தான். 250 மீட்டர் ஆரம், 325 மீட்டர் நீளம், நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று. உங்கள் மகளும் இதைத்தான் அடிப்படையாக வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

அதில் ஒரு டீக்கடை போடுவோம். மாஸ்டர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து டீ ஆற்றுகிறார். மேலே இருக்கும் குவளை தரையைவிட ஒரு மீட்டர் அச்சை நோக்கி இருக்கிறது, அதனால் தரையைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறது. டீ விழுந்து முடிப்பதற்குள் தரை கொஞ்சம் முன்னால் போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 6 செ.மீ. சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி விழும். கிளாஸ் வாயின் பாதி அகலம் மூன்று, மூன்றரை செ.மீ. தான். டீ வெளியே.

ஸ்டான்ஃபோர்ட் டோரஸில் அதே ஒரு மீட்டருக்கு 3 செ.மீ. விளிம்பில் பட்டுத் தெறிக்கும். பத்து மீட்டர் ஆரமுள்ள சின்னச் சக்கரத்தில் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். ஆரம் ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மகளுக்கு விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

13 பிப்ரவரி 2025

டீ விஷயத்தில் திருத்தம். கணக்கு சரி, டீ ஆற்றுவதைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம்தான் தப்பு. இன்று காலை எங்கள் தெருமுனைக் கடையில் நின்று பத்து நிமிடம் மாஸ்டரின் கையையே பார்த்தேன். அவர் ஒரு மீட்டர் உயரத்தில் கையை வைத்துக்கொண்டு ஊற்றுவதே இல்லை. இரண்டு குவளையும் முதலில் ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் கிட்டத்தில் இருக்கும். ஊற்றத் தொடங்கியதும் ஒரு கை மேலே, ஒரு கை கீழே விரியும். கீழே இருக்கும் குவளைதான் தாரையைத் தேடிப்போய்ப் பிடிக்கிறது. கண் மேலே இல்லை, கீழ்க் குவளையிலும் இல்லை, தாரையின் நடுவில் இருக்கிறது.

இந்தத் தள்ளல் உயரத்தோடு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடும். கல்பனா ஒன்னில் 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு செ.மீ. தான். தாரை விரிய விரிய அதுவும் விரியும், கை அதைப் பின்தொடரும். மாஸ்டர் அரை நாளில் பழகிவிடுவார் என்று இப்போது நினைக்கிறேன். டீ கொட்டும் என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அங்கே நின்றபோது வேறொன்று தோன்றியது. மாஸ்டர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பதுதான் விஷயம். சுழலும் திசையைப் பார்த்து நின்றால், மேலிருந்து விழும் எதுவும் அவர் மேலேயே சாயும். எதிர்த்திசை பார்த்து நின்றால் விலகிப் போகும். அச்சுக்கு இணையாகப் பார்த்து நின்றால் வலமோ இடமோ போகும். கொதிக்கிற சாம்பாரைப் பாத்திரத்துக்கு மாற்றும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. அடுப்பு மேடையை எந்தச் சுவரில் வைப்பது என்ற கேள்விக்கு சுழலும் ஊரில் நிஜமான விடை உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தியடோர் ஹால் என்ற கட்டடக்கலைஞர் வருடக்கணக்காக இதைத்தான் சொல்லி வருகிறார்: உள்ளே இருப்பவருக்கு சுழலும் திசை எது என்பதைக் கட்டடமே காட்டிக்கொடுக்க வேண்டும். நம் வீட்டில் கிழக்கு எது என்று யோசிக்காமலே தெரிவது மாதிரி.

இந்த மாதிரி விஷயங்கள் படத்தில் தெரியாது. உள்ளே நின்று ஒரு வேலையைச் செய்தால்தான் தெரியும்.

16 பிப்ரவரி 2025

ஓடுவதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கல்பனா ஒன்னின் தரை நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அதே திசையில் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் ஓடினால் எடை எட்டில் ஒரு பங்கு கூடும், எதிர்த்திசையில் ஓடினால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். அறுபது கிலோ ஆள் போகும்போது 67, வரும்போது 53. ஹெட்செட்டில் இது தெரியாது, காலுக்குத்தானே தெரிய வேண்டும்.

17 பிப்ரவரி 2025

மேலே எழுதியதன் கடைசி வரியை விரிவாகச் சொல்லியாக வேண்டும். ஒருவர் தனியாகக் கேட்டார்: "ஹெட்செட் மாட்டினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று வரை தலை சுற்றாது என்று சோதிக்கலாமா?"

முடியவே முடியாது. அந்தத் தலைசுற்றல் கண்ணில் தொடங்குவதில்லை. காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் தொடங்குகிறது. உடம்பு ஒரு அச்சில் சுழன்றுகொண்டிருக்கும்போது தலையை வேறொரு பக்கம் திருப்பினால், அந்தக் குழாய்களில் இருக்கும் திரவம் மூன்றாவதாக ஒரு திசையில் சுழல்வதாகத் தகவல் அனுப்பும். கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், வயிறு புரட்டும். இதை அறிய ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் அமெரிக்கக் கடற்படை நிஜமாகவே சுழலும் அறை ஒன்றைக் கட்டியது. ஆஷ்டன் கிரேபியல் 1960-களில் அதற்குள் ஆட்களை நாள்கணக்கில் வாழவிட்டுப் பார்த்தார். நிமிடத்துக்கு ஒரு சுற்றில் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றில் சிலருக்குத் தொந்தரவு இருந்தாலும் சமாளித்தார்கள். பத்தில் மிகவும் கஷ்டம். இரண்டு சுற்று என்று வடிவமைப்பாளர்கள் தைரியமாகப் போடுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட சோதனைகள் இருக்கின்றன.

ஹெட்செட் தானாகவே ஒரு மயக்கத்தைக் கொடுக்கும், அதுதான் ஆபத்து. இரண்டு வருடம் முன்பு என் மாதிரியில் இருபது நிமிடம் நடந்துவிட்டு வாந்தி வருகிற மாதிரி ஆகிவிட்டது. வளைவு அதிகம், ஆரத்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவுகட்டி ஒரு வாரம் வேலை செய்து மாற்றினேன். பிறகு பார்த்தால் மரங்களை அதிகமாகப் போட்டதில் படம் விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. மரத்தைக் குறைத்ததும் பழைய ஆரத்திலேயே ஒரு மணி நேரம் சுகமாக நடந்தேன். மயக்கம் வந்தால் முதலில் கணினியைச் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

18 பிப்ரவரி 2025

பெரிய மாதிரிகளில் ஹெட்செட்டில் தெரியும் கை நடுங்குமாமே என்று கேட்டவருக்கு: உங்கள் 500 மீட்டர் ஊருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஓ'நீலின் பெரிய உருளை 32 கி.மீ. நீளம். ஒரு முனையை மையமாக வைத்துக் கட்டினால் மறுமுனையில் கணினியின் எண்கள் இரண்டு மில்லிமீட்டர் படிகளாகத்தான் நகரும். விரல் துடிக்கும், கதவுப்பிடி துடிக்கும். நடப்பவரையே மையமாக வைத்து உலகத்தை நகர்த்துவதுதான் வழக்கமான தீர்வு.

22 பிப்ரவரி 2025

இது முக்கியம், தனியாக எழுதுகிறேன். மகள் ஊரின் நீளத்தை 325-இலிருந்து 800 மீட்டராக ஆக்கிவிட்டாள், மாதிரி நன்றாகச் சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

மாதிரியில் சுற்றும். நிஜத்தில் குப்புறப் புரண்டுவிடும். நீளமான பொருளை அதன் நீளவாட்டு அச்சில் சுழற்றினால், உள்ளே கொஞ்சம் நெளிவு, கொஞ்சம் தண்ணீர் அலம்பல் இருந்தாலே சக்தி மெல்ல மெல்லக் கசிந்து, கடைசியில் அது குறுக்குவாட்டில் கரணம் போடத் தொடங்கும். 1958-இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்புளோரர் 1 இப்படித்தான் செய்தது. பென்சில் மாதிரி சுழல வேண்டியது, ஆன்டெனாக்கள் நெளிந்ததில் விசிறி மாதிரி சுழன்றது. கல்பனா ஒன் குட்டையாக இருப்பதற்குக் காரணமே இதுதான்: ஆரத்தைப்போல 1.3 மடங்குக்கு மேல் நீளம் கூடாது என்று கணக்குப் போட்டு 250-க்கு 325 வைத்தார்கள். ஓ'நீல் தன் நீள உருளைகளை எதிரெதிராகச் சுழலும் ஜோடிகளாக இணைத்தார்.

விளையாட்டு எஞ்சினில் இது ஏன் தெரியவில்லை? அதில் ஊர் முழுவதும் ஒரே கெட்டியான கட்டி. நெளியாது, அலம்பாது, சக்தி கசியாது. எத்தனை வருடம் ஓடவிட்டாலும் அழகாகச் சுற்றும். நீளத்தைத் திரும்பக் குறைக்கச் சொல்லுங்கள். இதற்கு ஹெட்செட் வேண்டாம், காகிதமும் பேனாவும் போதும்.

2 மார்ச் 2025

ஒரு வாரம் ஊரில் இல்லை. இதற்கிடையில், "சுழலும் ஊர் நம் ஆயுளில் வராது, இப்போது இருக்கும் சின்ன வீடுகளுக்கு இந்த மெய்நிகர் உலகத்தால் என்ன பயன்?" என்று ஒரு கேள்வி. நியாயமான கேள்வி.

நாசா நிபுணர்களை உட்காரவைத்துப் பேசி, நீண்ட பயணத்தில் ஒரு ஆளுக்குக் குறைந்தபட்சம் 25 கன மீட்டர் புழங்கும் இடம் வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறது. இது எவ்வளவு? பத்துக்குப் பத்து ரூம், ஒன்பது அடி உயரம். அவ்வளவேதான். நான் 2006-இல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் அதே அளவு அறையில் மூன்று பேராக இரண்டு வருடம் இருந்தேன். ஆளுக்கு எட்டு கன மீட்டர். கதவைத் திறந்தால் கட்டில், கட்டிலுக்கு அடியில் பெட்டி, ஆணி ஆணியாகச் சட்டை, ஜன்னல் கம்பியில் ஈரத் துண்டு. அந்த அறையை வரைபடத்தில் பார்த்தால் மூன்று கட்டில் போக நடுவில் நடக்க மூன்றடி இருக்கும். வாழும்போது அந்த மூன்றடியைப் பார்த்ததே இல்லை. செருப்பு, பக்கெட், தண்ணீர் கேன், ஒருவனுடைய கிரிக்கெட் கிட்.

விண்வெளி வீட்டு மாதிரிகளில் எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் உள்படங்களைப் பாருங்கள்: சுவரெல்லாம் ஒயர், பை, லேப்டாப், வெல்க்ரோவில் ஒட்டிய கரண்டி. சாமான் தேடுவதே அங்கே ஒரு வேலை. விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ அங்கே வளர்த்த குட்டித் தக்காளி காணாமல் போய், அவர் தின்றுவிட்டார் என்றே எல்லாரும் கேலி செய்துகொண்டிருந்து, மாதக்கணக்கில் கழித்து 2023 டிசம்பரில் காய்ந்துபோய்க் கிடைத்தது. அப்புறம் சத்தம். விசிறியும் பம்பும் இரவு பகலாக ஓடும். அந்த விசிறி நின்றாலோ, எடையற்ற நிலையில் சூடான காற்று மேலே போகாது என்பதால், தூங்குகிறவர் விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். இதெல்லாம் கணினி மாதிரியில் யாரும் போடுவதில்லை.

போடலாம். அதுதான் நான் சொல்ல வருவது. சத்தத்தைச் சேர்க்கலாம். நூறு பைகளை உள்ளே மிதக்கவிடலாம். "நான்காவது பையில் இருக்கும் ஃபில்டரை எடுத்து மாற்று" என்று ஒருவரிடம் சொல்லி, எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கலாம். காலியான வீட்டில் சுற்றிப்பார்ப்பது வீடு விற்பவர் செய்கிற வேலை.

3 மார்ச் 2025

பத்துக்குப் பத்து உதாரணத்தில் இரண்டு ஓட்டை.

முதலாவது, எடையற்ற நிலையில் கூரையும் சுவரும் கூடத் தரைதான். திருவல்லிக்கேணியில் எனக்குத் தலைக்கு மேலே இருந்த மூன்றடி வீண். அங்கே அது வீணாகாது. அதனால் 25 கன மீட்டர் நம் அறையைவிடத் தாராளமாக இருக்கும். ஆனால் வீட்டில் ஹெட்செட் மாட்டி நிற்கிறவர் தரையில்தான் நிற்கிறார், அவருக்கு இது புரியாது. எடையற்ற நிலையில் உடம்பு நிற்கும் விதமே வேறு: முழங்கால் மடங்கி, கை முன்னால் மிதந்து, பார்வை சற்றுக் கீழே தாழ்ந்திருக்கும். 1973-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையமான ஸ்கைலாபில் அளந்து சொன்னது இது. நின்றுகொண்டு சோதித்து வைத்த பலகை அங்கே சரியான உயரத்தில் இருக்காது.

இரண்டாவது, ஹெட்செட்டில் தூரம் நிஜத்தைவிடக் குறைவாகத் தோன்றும். இது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எதிர்ச் சுவர் கிட்டத்தில் இருப்பதாகப் படும். "இடம் போதவில்லை" என்று சோதனையாளர் சொன்னால், வீடு சின்னதா கண்ணாடி சின்னதாக்கிக் காட்டியதா என்று பிரித்தறிய ஒரு வழி வேண்டும். நான் செய்வது: முதலில் என் சொந்த அறையையே அளவெடுத்து மாதிரியாக்கி, அதில் பத்து நிமிடம் இருந்துவிட்டுத்தான் மற்றதற்குள் போவேன். தெரிந்த அறை எவ்வளவு சுருங்கித் தெரிகிறதோ, அவ்வளவு மனதில் கழித்துக்கொள்வேன்.

ஸ்கைலாபைப் பற்றி இன்னொன்று. அதன் ஒரு பகுதியில் மேல் கீழ் என்ற ஒழுங்கே இல்லாமல் எல்லாச் சுவரிலும் கருவிகளை வைத்தார்கள். எடையில்லாத இடத்தில் அதுதான் புத்திசாலித்தனம் என்ற கணக்கு. அந்தப் பகுதிக்குப் போனால் குழப்பமாக இருக்கிறது என்று வீரர்கள் குறைப்பட்டார்கள். மறுபக்கம், சாப்பிடும் இடத்தில் ஒரு ஜன்னல் வேண்டும் என்று வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவி விடாப்பிடியாக நின்று வாங்கினார். வீரர்களுக்கு அந்த ஜன்னலை விட்டு வர மனமில்லை. இரண்டுமே இன்றைக்கு ஹெட்செட்டில் ஒரு மதியத்தில் தெரிந்துவிடும் விஷயங்கள்.

9 மார்ச் 2025

நான் பிழைப்புக்குச் செய்வது கட்டடங்களுக்கு பிம் மாதிரி. குழாய், டக்ட், உத்தரம் எல்லாவற்றையும் கணினியில் கட்டி, ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்ப்பது. கிளாஷ் என்போம். சில வருடம் முன்பு ஒரு மருத்துவமனைக் கட்டடம். மூன்றாம் மாடியில் கிளாஷ் பூஜ்யம். வேலை முடிந்து தண்ணீர் விட்டார்கள், ஒரு இடத்தில் கசிவு. பிளம்பர் அண்ணன் ஏணியில் ஏறி, பால்ஸ் சீலிங் பலகையைக் கழற்றி, வால்வை மூடக் கையை விட்டார். முழங்கை வரை போனது. விரல் வால்வின் சக்கரத்தைத் தொடுகிறது, திருப்ப முடியவில்லை. சக்கரத்துக்கும் டக்டுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி. கணினியைப் பொறுத்தவரை எதுவும் எதையும் இடிக்கவில்லை. கையை யாரும் மாதிரியில் போடவில்லை. அவர் கீழே இறங்கி வந்து தோலுரிந்த மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மாதிரி என்னுடையது.

அன்றிலிருந்து எந்த மாதிரியிலும் ஹெட்செட்டை மாட்டி, கையை நீட்டி, ஒவ்வொரு வால்வையும் திருப்பிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. விண்வெளியில் பால்ஸ் சீலிங்கை உடைக்க ஆளைக் கூப்பிட முடியாது. விண்வெளி நிலையத்தில் பெரிய அலமாரிகளைச் சுவரிலிருந்து முன்பக்கம் சாய்த்து, பின்னால் இருப்பதை எடுக்கும்படி செய்திருப்பது இதற்காகத்தான்.

நாசாவுக்கு இது பழைய பாடம். ஹூஸ்டனில் ஜான்சன் மையத்தின் வி.ஆர். ஆய்வகம் 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனவர்களுக்கே பயிற்சி கொடுத்தது. அங்கே சார்லட் என்று ஒரு இயந்திரம் உண்டு, கம்பிகளில் கட்டித் தொங்கவிட்ட பெட்டி. ஹெட்செட்டில் ஒரு பெரிய கருவி தெரியும், கையில் இந்தப் பெட்டி இருக்கும். தள்ளினால் அந்தக் கருவியின் பொருண்மைக்கு ஏற்றபடி மெதுவாக நகரும், மெதுவாகத்தான் நிற்கும். கண்ணுக்கு மெய்நிகர், கைக்கு நிஜம். 2019-இல் நிலவுப் பயண வீடுகளுக்கு மாதிரி கேட்டபோதும் நாசா நிஜ அளவுப் பெட்டிகளைத் தரையில் வைத்து, விண்வெளி வீரர்களையே உள்ளே வேலை செய்யவைத்துத்தான் பார்த்தது. அதே வருடம் முடிந்த 3டி அச்சு வீட்டுப் போட்டியில் பிம் மாதிரிகளுக்கென்றே தனிச் சுற்றுகள் வைத்துப் பரிசு கொடுத்தார்கள். அதோடு விடாமல், கடைசிச் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவில் நிஜமாகவே கட்டச் சொன்னார்கள்.

உங்கள் மகளுக்கும் அதே வழி. வீட்டில் இருக்கும் மேசையை அடுப்பு மேடை இருக்கும் இடத்தில் நிறுத்தி, ஹெட்செட்டில் தெரியும் மேடையோடு பொருத்தச் சொல்லுங்கள். கை எதையாவது தொட வேண்டும்.

16 மார்ச் 2025

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். இதுவரை பேசியது வீட்டைச் சோதிக்க மெய்நிகர் உலகம். வீட்டுக்குள்ளேயே மெய்நிகர் உலகம் என்று ஒன்றும் இருக்கிறது. ஹூஸ்டனில் 3டி அச்சில் கட்டிய 158 சதுர மீட்டர் செவ்வாய் வீட்டில் நான்கு பேர் 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை 378 நாள் இருந்தார்கள். வெளியே செவ்வாய்த் தரை என்று ஒரு மணல் திடல்தான். நீண்ட நடைக்கு ஹெட்செட் மாட்டி டிரெட்மில்லில் நடந்தார்கள். ஹவாயில் மவுனா லோவா எரிமலைச் சரிவில் செவ்வாய் வாழ்க்கையை ஒத்திகை பார்த்த ஹை-சீஸ் குழுவுக்கு, குடும்பத்தாரோடு தொடர்பில் இருக்க ஒரு மெய்நிகர் உலகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கும் பூமிக்கும் நடுவே ஒரு வார்த்தை போய்ச்சேர 3 முதல் 22 நிமிடம் ஆகும் என்பதால் நேரில் பேசிக்கொள்ள முடியாது. ஒருவர் வந்து எதையாவது வைத்துவிட்டுப் போவார், மற்றவர் பிறகு வந்து பார்ப்பார். சமையலறை மேசையில் அம்மா மூடிவைத்துவிட்டுப் போகும் சாப்பாடு மாதிரி. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

6 ஏப்ரல் 2025

மகள் அனுப்பிய மாதிரி வந்து சேர்ந்தது. நேற்று இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தேன். கொரியாலிஸ் இருக்கிறது, நீளம் குறைந்திருக்கிறது, சந்தோஷம்.

காகிதத்தில் யாருக்கும் தோன்றாத ஒன்றைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தின் காரிடார் சுழலும் திசையில் நூற்றைம்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம். அங்கே நின்று பார்த்தால் தரை மேலே வளைந்து போகிறது, கூரை அதை மறைக்கிறது. சுமார் 65 மீட்டருக்கு மேல் எதுவுமே தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக அதே அளவுதான் வருகிறது. கடைசி வகுப்பறையும் அவசர வழியும் கண்ணுக்கே படாது. அவசர வழிப் பலகையை நாம் கூரையிலிருந்து தொங்கவிடுவோம். அங்கே தொங்குவதுதான் முதலில் மறையும். தரையை ஒட்டிச் சுவரின் அடியில் வைத்தால் அந்த 65 மீட்டர் வரையாவது தெரியும்.

மற்றபடி: அடுப்பு மேடையில் சமைப்பவர் இன்னும் சுழலும் திசையைப் பார்த்தே நிற்க வேண்டியிருக்கிறது. குப்பைத்தொட்டி எங்கேயும் இல்லை. துணி காயப்போட இடமில்லை. விண்வெளி நிலையத்தில் துணி துவைப்பதே கிடையாது. ஆனால் துண்டு காயும்போது வரும் ஈரத்தைக்கூடக் காற்றிலிருந்து பிடித்துத் திரும்பக் குடிநீராக்குகிறார்கள். மூவாயிரம் பேர் ஊரில் துவைக்காமல் முடியாது, அந்த ஈரம் எங்கே போகிறது என்று அவள் எழுதியாக வேண்டும்.

13 ஏப்ரல் 2025

பதில் வந்தது. பலகைகளைச் சுவரின் அடிக்கு இறக்கிவிட்டாள். மேடை திரும்பிவிட்டது. துணிக்கு, காற்று திரும்பப்போகும் குழாய்களுக்கு முன்னால் ஒரு கொடி அறை, ஈரம் நேராக உறிஞ்சும் இடத்துக்கே போகும்படி. அந்த யோசனை அவளுடைய பாட்டி சொன்னதாம். பாட்டியையும் ஹெட்செட் மாட்டி உள்ளே நடக்கவிட்டிருக்கிறாள். கொடி எட்டவில்லை என்றாராம் பாட்டி. ஒன்றரை அடி இறக்கியிருக்கிறது.